பூங்காவனம் வீட்டுக்குப் போய் வந்த நாட்கள்

போன மாதம் எங்கள் தெருவில், எதிர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. அந்த வீட்டுப் பெரியவர் படுத்த படுக்கையாகிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. வண்டியிலிருந்து பையோடு ஒரு நர்ஸ் இறங்கி உள்ளே போனாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் படியில் நின்று அந்த வீட்டு மருமகளிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். தீராத நோயில் இருப்பவர்களை இப்போது வீட்டுக்கே வந்து பார்க்கிறார்களாம். அதற்கென்று தனிப் பயிற்சியும் உண்டாம். சன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனசு ஒரேயடியாகப் பின்னால் போய்விட்டது. எழுபதுகளில் நாங்களும் இதைச் செய்திருக்கிறோம். அன்றைக்கு இதற்குப் பெயர்தான் இல்லை.

நான் கூடுவாஞ்சேரிக்காரி. சென்னையில் நர்ஸ் பயிற்சி முடித்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வார்டில் சில வருடங்கள் இருந்தேன். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்காதது இல்லை. விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது, ஊசியை எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது, எடுத்த இடுக்கியை எந்தப் பக்கம் வைப்பது, எல்லாம் உண்டு. சாகப் போகிறவரை என்ன செய்வது என்பதற்கு மட்டும் பாடம் சின்னது. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, சொந்தக்காரர்களை வராந்தாவுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். வராந்தாவில் நின்றவர்களின் முகத்தை நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

பிறகு கடற்கரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் எஸ்தர் சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உருவம், வெள்ளைப் புடவை, ஆண்கள் போடுவது போன்ற பெரிய கைக்கடிகாரம். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அரைகுறையாக ஒரு வேலையைச் செய்யவும் முடியாது.

நோயாளி வீட்டுக்குள் அவர் நுழைகிற விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போவார். போனவுடன் "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கம்மா" என்பார். எந்த வீடாக இருந்தாலும், எந்த நோயாக இருந்தாலும் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் மற்றது. அடுத்து நேராக நோயாளியிடம் போய், கையைப் பிடித்துக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார். நோயாளி படுத்திருக்க, தலைக்கு மேலே வீட்டார் நோயைப் பற்றி நம்மிடம் சொல்ல ஆரம்பிப்பார்களே, அதற்கு இடம் கொடுக்கவே மாட்டார். பையைத் திறப்பது கடைசியில்.

ஒரு நாள் சவுக்குத் தோப்பு வழியாக நடக்கும்போது கேட்டேன், "எதுக்கு சிஸ்டர் எல்லா வீட்லயும் தண்ணி கேக்கறீங்க?" என்று.

"நோய் கண்ட வீட்டுக்கு வாறவன் எவனும் ஒரு வாய் தண்ணி வேண்டாங்கான் பிள்ளே. ஒட்டிக்கிடும்னு பயம். அது அந்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நாம குடிச்சா அவங்க தலை நிமிரும். அப்புறம்தான் நாம சொல்லுறது காதுல விழும்."

அது குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் மும்முரமாக நடந்த காலம். நிலையத்தின் ஜீப் அதற்கே ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பஸ், பஸ் போகாத இடத்துக்கு நடை. திருவிடந்தைப் பக்கத்துக் குப்பங்களுக்குப் போக வேண்டுமென்றால் கால்வாயைச் சின்னப் படகில் கடந்து, மணலில் நடக்க வேண்டும். வெள்ளைப் புடவையைத் தூரத்தில் கண்டாலே போதும், "ஆப்பரேசன்காரிங்க வந்துகினு கீறாங்க!" என்று யாராவது கத்துவார்கள். ஆண்கள் சவுக்குத் தோப்புக்குள் மறைந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் குப்பத்தில் பெண்களும் நாய்களும்தான் மிஞ்சியிருப்பார்கள்.

பூங்காவனத்தின் வீட்டுக்கு முதல் தடவை போனபோதும் அப்படித்தான் ஆனது. மார்பில் புற்று வந்து, சென்னையில் கதிர்வீச்சு கொடுத்து, அவர்கள் வார்த்தையில் 'கரண்டு வைத்து', இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள். நாற்பதை ஒட்டிய வயசு. தலைக்கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்றவள். அவளுக்கு வீட்டிலேயே புண்ணுக்குக் கட்டுப் போடச் சொல்லி எங்கள் டாக்டர் அனுப்பியிருந்தார். அவள் புருஷன் தேசிங்கு மட்டும் ஓடாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். கட்டுமரக்காரன், கதவு மாதிரி மார்பு.

"இங்க யாருக்கும் ஒண்ணும் வாணாம், போங்க."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யோவ், வழிய வுடுய்யா. புள்ளையே பெக்காதவளுக்கு இன்னாத்துக்கு ஆப்பரேசன் பண்ணப் போறாங்க? வேற எதுக்கோ வந்துகீறாங்க."

எஸ்தர் சிஸ்டர் சிரித்துவிட்டார். தேசிங்கு ஒதுங்கி நின்றான். குனிந்து நுழைய வேண்டிய ஓலை வீடு. உள்ளே போகும்போதே வாடை அடித்தது. அது மீன் வாடை இல்லை. சிஸ்டர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ராத்திரியில் எப்படித் தூங்குகிறாள், எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது, வாய்க்கு எது பிடிக்கிறது என்றெல்லாம் கேட்டார். புண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளே முந்தானையை விலக்கிக் காட்டினாள்.

அன்று சிஸ்டர் கட்டுப் போட்ட விதத்தை நான் என் வேலைக்காலம் முழுவதும் பின்பற்றினேன். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரைப் பழைய கட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தார். துணி தானாகக் கழன்று வரும் வரை தொடவில்லை. "இழுத்தா ரத்தம் வரும். நமக்கு என்ன அவசரம்?" என்றார். சுத்தம் செய்து, வலைத்துணியை எண்ணெயில் நனைத்துப் பரப்பி, அதன் மேல் பஞ்சு வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே சவுக்குக் கரியை நன்றாகப் பொடித்து மெல்லிய துணியில் தைத்த ஒரு பை. கரி வாடையை இழுத்துக்கொள்ளும். கட்டி முடித்தபோது பூங்காவனம் மூக்கைச் சுளித்து முகர்ந்து பார்த்தாள். "அட, இப்பதான் எனக்கு மீன் நாத்தமே தெரியுது" என்றாள். பல நாள் கழித்து அன்றுதான் அந்த வீட்டில் யாரோ சிரித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் தனியாகப் போனேன்.

மூன்றாவதோ நான்காவதோ முறை கிளம்பும்போது தேசிங்கு கால்வாய்க்கரை வரைக்கும் கூடவே வந்தான். படகு வருவதற்குக் காத்திருக்கையில் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நர்சம்மா, மெட்ராஸ்ல டாக்டரு கைய விரிச்சிட்டாரு. அவளுக்குத் தெரியாது. புண்ணு ஆறிகினு வருதுன்னு சொல்லி வெச்சிகீறேன். நீங்க வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அன்னிக்கே பூடுவா."

அடுத்த முறை அவன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது பூங்காவனம் கட்டிலை ஒட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்மா. கரண்டு வெச்ச எடத்துல எம் பக்கத்துல படுத்திருந்தவளுக்கும் இதே புண்ணுதான். அவ போய் சேந்துட்டா. இந்தாளு கடலுக்கே போறதில்ல. கேட்டா, காத்து சரியில்லன்னுது. எனக்கென்னா காது இல்லியா? கரையில தெனமும் மீன் ஏலம் போறது கேக்குது. நீ ஒண்ணும் சொல்லிடாத அவன்கிட்ட. பாக்கத்தான் ஆளு பாறை. உள்ள மணலு. இடிஞ்சி பூடுவான்."

இருவருக்கும் நடுவில் நான். ஒருத்தர் முகத்தைப் பார்க்கும்போது மற்றவர் பேச்சு நினைவுக்கு வந்து, பேசவே பயமாகிவிட்டது. எஸ்தர் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெந்நீரில் இடுக்கிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எதையும் சொல்ல வேண்டாம் பிள்ளே. அது அவங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது. ஆனா ஒண்ணு. கட்டுப் போடும்போது அந்த மனுஷன் எங்க இருக்கான்?"

"வெளியில போயிடுவார் சிஸ்டர்."

"உள்ள கூப்பிடு. வேலையைக் கையில கொடு. அவன் பொய் சொல்லுற இடம் வாசல்தான். கட்டில் பக்கத்துல வந்துட்டான்னா ரொம்ப நாளைக்குச் சொல்ல முடியாது."

அடுத்த முறை போனபோது கூப்பிட்டேன். "ஆம்பளை எப்டிம்மா..." என்று தயங்கினான். அடுத்த வீட்டில் இருந்த எல்லம்மா, பூங்காவனத்தின் அக்கா, சண்டைக்கே வந்துவிட்டாள். "இன்னா அக்கிரமம் இது? நான் ஒருத்தி இருக்கும்போது ஆம்பள கை வெக்கிறதா?" ஆனால் எல்லம்மாவுக்கு அந்தப் புண்ணைப் பார்க்க முடியாது. பார்த்தாலே மயக்கம் வரும். பூங்காவனம்தான் முடிவாகச் சொன்னாள்: "அவன் பாக்காத ஒடம்பா அக்கா? வரட்டும் வுடு."

முதல் நாள் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பாதியில் வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தான். முகம் கழுவிவிட்டு மறுபடி வந்து, தட்டை வாங்கிக்கொண்டான். சில நாட்களில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிற வேலை அவனுடையதாகிவிட்டது. நைந்த வலையிலிருந்து மீனைச் செதில் உதிராமல் பிரித்தெடுத்துப் பழகிய விரல்கள். அவன் எடுத்தால் அவளுக்கு வலிக்கவில்லை. நான் எடுத்தால்தான் "ஸ்ஸ்" என்பாள்.

ஒரு நாள் காலையில் புண் முன்னைவிடப் பரவியிருந்தது. அவன்தான் கட்டைப் பிரித்தான். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பரவால்ல, ஆறிகினுதான் வருது" என்றான்.

பூங்காவனம் அவன் முகத்தையே பார்த்தாள். "கண்ணால பாத்துகினே பொய் சொல்றியேய்யா."

அவன் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து தண்ணீர் மடியில் கொட்டியது. தலை கட்டில் சட்டத்தில் போய் முட்டியது. அவ்வளவு பெரிய ஆள் குலுங்கிக் குலுங்கி அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் வலி இல்லாத பக்கத்துக் கையால் அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டே, "தெரியும்யா. எனக்கு மெட்ராஸ்லயே தெரியும். கம்முனு இரு" என்றாள். நான் எழுந்து வெளியே போனேன். கட்டுப் பாதியில் நின்றது. எஸ்தர் சிஸ்டர் இருந்திருந்தாலும் எழுந்து போயிருப்பார் என்று நினைக்கிறேன். சிறிது நேரம் கழித்து, "நர்சம்மா, வா, ஈ மொய்க்குது" என்று அவளே கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீடே மாறிவிட்டது. பேச வேண்டியதை எல்லாம் பேசினார்கள். ஆஸ்பத்திரியில் சாக மாட்டேன், அங்கே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று அவள் அவனிடம் சத்தியம் வாங்கினாள். விடியற்காலையில் ஒரு நடை கடலுக்குப் போய் வரவேண்டும் என்று அவனை விரட்டினாள். அந்த நேரத்தில் எல்லம்மா வந்து உட்கார்ந்துகொள்வாள். அவன் கரைக்கு வந்ததும் சமையல் பாடம்.

"நான் போனப்புறம் எவ வூட்டு வாசல்லயும் தட்டை ஏந்திகினு நிக்கக் கூடாது. குழம்பு வெக்கக் கத்துக்கோ."

அவள் கட்டிலில் படுத்தபடியே மூக்காலேயே சமையலை நடத்தினாள். "யோவ், வெந்தயம் கருகுது, எறக்கு!" "புளிய இப்ப ஊத்தாத, மொளகா வாசன போவட்டும்." "மீனப் போட்டுட்டுக் கரண்டிய வுட்டுக் கிண்டாத, அது இன்னா கூழா?" அவன் புகைக்குள் நின்று, "எத்தினி தபா சொல்லுவ, தெரியும் வுடு" என்பான். அந்தக் குழம்பை எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் கண்ணில் தண்ணீர் வரும் காரம். ஒரு நாள் வெறும் உப்பு. அப்புறம் படிப்படியாகத் தேறியது. வாசலில் உட்கார்ந்து, கடல் காற்றில் மணல் விழாமல் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு நான் சாப்பிட்ட அந்தக் காரப்பொடி மீன் குழம்புக்கு நிகராக வேறெங்கும் சாப்பிட்டதில்லை. சாவு நெருங்கிக்கொண்டிருந்த வீடு அது. ஆனாலும் என் வேலைக்காலத்தில் எங்கே மறுபடி போய் ஒரு நாள் இருக்க ஆசை என்று கேட்டால், அந்த வாசலைத்தான் சொல்வேன்.

மாசி மாதம் அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு பேச்சும் குறைந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, துளித்துளியாகக் கொடுத்தோம். கடல் மணலைச் சலித்து, பழைய வேட்டியில் மூட்டை தைத்து, முதுகுக்கும் காலுக்கும் அண்டை கொடுத்தோம். தேசிங்கு மறுபடி கடலுக்குப் போகவில்லை. இந்தத் தடவை அவள் விரட்டவில்லை.

கடைசி நாள் நான் போனபோது வெயில் ஏறியிருந்தது. தூரத்திலேயே கூச்சல் கேட்டது. வீட்டைச் சுற்றிக் கூட்டம். பூங்காவனத்தின் தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுதுடா பாவி, தூக்குங்கடா, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடா!" என்று கத்தினாள். நாலு பேர் கட்டிலோடு தூக்கி வாசல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். தேசிங்கு கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றான்.

"வாணாம்னு சொல்லிகீது. சத்தியம் பண்ணிகீறேன்."

"பொண்டாட்டிய சாவ வுட்டுட்டான்னு ஊரு காறித் துப்பும்டா!" என்றாள் எல்லம்மா.

என்னைப் பார்த்ததும் எல்லோரும் திரும்பினார்கள். எஸ்தர் சிஸ்டர் அன்றைக்கு முகாமில் இருந்தார். தேசிங்கு, "நீயே சொல்லும்மா" என்றான்.

முதலில் தண்ணீர் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கட்டிலைக் கீழே வைக்கச் சொன்னேன். பூங்காவனத்தின் கையைப் பிடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நாடி நூலாக ஓடியது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இது மூச்சு முட்டறது இல்ல. தொண்டையில கோழை சேர்ந்திருக்கு, அதை முழுங்கத் தெம்பில்ல. அதான் சத்தம். நமக்குத்தான் கேக்க சங்கடமா இருக்கு, அவங்களுக்கு வலி இல்ல. இன்னிக்குப் பொழுதுக்குள்ள முடிஞ்சிடும். தூக்கிட்டுப் போனா கால்வாய்லயே முடிஞ்சிடும். இங்க இருந்தா உங்க எல்லார் நடுவுலயும் முடியும். முடிவு அவங்க வீட்டுக்காரர் சொல்லணும்."

தேசிங்கு கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து உள்பக்கம் திருப்பினான். தலைமாட்டைப் பிடித்திருந்த இருவரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவனோடு சேர்ந்து திருப்பினார்கள்.

இனி வேலை கொடுத்தாக வேண்டும். கை சும்மா இருந்தால் கூச்சல் திரும்ப வரும். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஒருத்தியைக் கால் தேய்க்கச் சொன்னேன். ஒருவரை வாசலில் காற்றை மறைக்காதபடி கூட்டத்தை விலக்கச் சொன்னேன். பால் ஊற்ற வேண்டும் என்றார்கள். ஊற்றினால் புரையேறும். பஞ்சைப் பாலில் நனைத்து, ஒவ்வொருவராக வந்து உதட்டில் தொடச் சொன்னேன். எல்லோரும் வரிசையாக வந்து தொட்டார்கள். எல்லம்மாவைத் தலைமாட்டில் உட்கார வைத்து, "பேசுங்க, காது கடைசி வரைக்கும் கேக்கும்" என்றேன். இவ்வளவு நேரம் கத்தியவள் தங்கையின் காதருகே குனிந்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். சின்ன வயதில் இருவரும் கூடை சுமந்து திருக்கழுக்குன்றம் சந்தைக்கு நடந்தது, வழியில் மழை பிடித்தது, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியது... சொல்லிக்கொண்டே இருந்தாள். தேசிங்கு மனைவியின் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரையில் ஏலம் முடிந்து சந்தடி அடங்கிய நேரம், இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டது. அடுத்த மூச்சு வரவில்லை. எல்லம்மா அது தெரியாமல் இன்னும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

பெண்களோடு சேர்ந்து நானும் அவளைக் குளிப்பாட்டினேன். புண்ணுக்குக் கடைசியாகக் கட்டுப் போட்டது தேசிங்குதான்.

செத்த வீட்டுக்குத் திரும்ப ஒரு தரம் போய் வர வேண்டும் என்பது எஸ்தர் சிஸ்டரின் வழக்கம். அங்கே நமக்கு ஒரு வேலையும் இல்லையே என்று நாங்கள் நினைப்போம். காரியம் முடிந்த பிறகு ஒரு காலையில் போனேன். தேசிங்கு மொட்டையடித்த தலையோடு வலை பிரித்துக்கொண்டிருந்தான். வேறு ஏதேதோ பேசினோம். கிளம்பும்போது கேட்டான்.

"நர்சம்மா, அன்னிக்குத் தூக்கிகினு போயிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமா. எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தாலும் இதான்."

அவன் வலையைக் கீழே வைத்தான். "அக்கா அன்னிலேருந்து எங்கிட்ட பேசறதில்ல. அதுங்கிட்டயும் ஒரு தபா சொல்லிட்டுப் போம்மா."

எல்லம்மா பக்கத்து வீட்டில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள். நான் அருகில் போய் உட்கார்ந்து, அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே அதைச் சொன்னேன். அவள் கை ஒரு கருவாட்டின் மேலேயே நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் இதாம்மா நெஞ்சுல குத்திகினே இருந்திச்சி. நாம அப்டி கத்தியும் அவன் வாணாம்னு நின்னானே, நம்மள வுட்டா காப்பாத்தி இருப்பமோன்னு... யாரப் போய் கேக்கறது?"

எழுந்து வேலி ஓரம் போனாள். அந்தப் பக்கம் தேசிங்கு இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னா தேசிங்கு, வெறும் தலையோட வெயில்ல நின்னுகினு கீற? உள்ள போ."

அவன் போகவில்லை. இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று அழுதார்கள். நான் சொல்லிக்கொள்ளாமல் படகுத் துறைக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு செங்கல்பட்டு வார்டுக்கே திரும்பி வந்து, ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். எத்தனையோ மரணங்கள். திரையை இழுத்து முடித்ததும் நேராக வராந்தாவுக்குப் போய்விடுவேன். எதுவும் காப்பாற்றியிருக்காது என்பது உண்மையாக இருக்கிற இடத்தில், அவர்கள் கேட்பதற்காகக் காத்திருக்க மாட்டேன். "வேற எங்க கொண்டு போயிருந்தாலும் இதான் ஆகியிருக்கும். நீங்க செய்ய வேண்டியதையெல்லாம் செஞ்சிட்டீங்க" என்று சொல்வேன். பெரும்பாலும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எப்போதாவது ஒருவர், எல்லோரும் போன பிறகு தனியாகத் திரும்பி வந்து, "சிஸ்டர், அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். சொல்வேன்.